ஒன்பதை அழுத்தினால்

பெங்களூரில் நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில், சர்வர் எனும் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கும் கூடத்துச் சுவர்களில் வயர் போவதற்கென்று ஓட்டைகள் உண்டு. ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பு நாரில் பிரஷ் வைத்து, உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகாதபடி அடைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். காற்று வராது. கூட வேலை செய்பவர்கள் நான் எதையோ பரிசோதிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்போது நினைவுக்கு வருவது வேறொரு ஓட்டை. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருந்த ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கொத்தனார் உளியால் குத்திவிட்டு விளிம்பைப் பூசாமல் போய்விட்ட ஓட்டை. ஒரு சொம்பு நுழையும் அகலம். இந்தப் பக்கம் நான் இருந்தேன். அந்தப் பக்கம் போர்டக்கா இருந்தார்.

ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். டாக்டர்கள் முதல் தரை துடைக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் போர்டக்காதான்; அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியிருப்பார். கீழ்பென்னாத்தூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் பஸ்ஸில் வருவார். எண்பத்தொன்பதில், ஆஸ்பத்திரிக்கு மூன்று அறைகளும் இரண்டு போன்களும் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்பத்திரண்டு இணைப்புகள் ஆகியிருந்தன. எந்த அறையிலிருந்தும் ஒன்பதை அழுத்தினால் அவர் எடுப்பார். எண்களெல்லாம் எழுதிய அட்டை ஒன்று போர்டுக்கு மேலே தொங்கியது. அதை அவர் விசிறிக்கொள்ள மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல கோபக்காரர். "ஹலோ ஹலோன்னு எத்தினி வாட்டி சொல்லுவீங்க டாக்டரு, ஒரு வாட்டி சொன்னா எனக்குக் கேக்காதா?" என்று பெரிய டாக்டரையே கேட்டவர். யாராவது ஒரு நோயாளியின் பெயரைச் சொன்னால், உடனே அவர் கேட்பது "எந்த ஊரு?" என்பதுதான். ஒரே பேரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஊரைச் சொன்னால்தான் ஆள் தெரியும் என்பது அவர் கட்சி. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் அதன் பின்பக்கத்தில் நேரம் போட்டு எழுதிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்த எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆரணிப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தேன். அதே மாடியில் இருந்த மற்ற மூன்று அறைகளிலும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் இருவர் மாதக்கணக்கில் மௌன விரதம். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் கை குவித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். மௌனம் தேடிப் பல ஆயிரம் மைல் பறந்து வந்தவர்களுக்கு நடுவே, பேச ஓர் ஆள் கிடைக்காமல் நான் இருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கு எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலில் "ரெண்டு இட்லி" என்று சொன்னதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குச் சர்வர்கள் வந்ததும் அந்த மாடி அறைகளில் ஒன்றிலிருந்துதான். தன் நாட்டில் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர், வருடந்தோறும் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்குகிறவர், ஆஸ்பத்திரியில் ஒருமுறை வைத்தியம் பார்த்துக்கொண்டதற்கு நன்றியாக இரண்டு பெரிய மெஷின்களை வரவழைத்துக் கொடுத்தார். தானே உட்கார்ந்து பொருத்தியும் தந்தார். ஏற்பாடு இதுதான்: இரண்டு மெஷின்கள், நோயாளிகளின் விவரம் முழுதும் இருக்கும் டிஸ்க் பெட்டி ஒன்று. ஒரு மெஷின் வேலை செய்யும். மற்றது சும்மா இருந்தபடி, முதல் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டிருக்கும். முதலாவது நின்றுபோனால் இரண்டு நிமிடத்தில் இரண்டாவது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். வார்டு, லேப், மருந்தகம் எல்லாம் இவற்றை ஒரே பொதுப் பெயரால்தான் கூப்பிட வேண்டும். அப்போது எது வேலையில் இருக்கிறதோ அது பதில் சொல்லும். "பொதுப் பெயரைத் தவிர வேறெதையும் கூப்பிடாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் வைத்த இரும்பு அலமாரியில் ஒட்டிவிட்டு அவர் ஊருக்குப் போனார். அந்தக் காகிதத்தைத் தினம் பார்த்துக்கொண்டுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

மெஷின்களுக்காக ஆஸ்பத்திரியில் என் அறைக்கு ஏ.சி. போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலிலும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் போர்டு அறை முன்பு சாமான் அறையாக இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் கிடையாது. நான் சேர்ந்த முதல் வாரம், சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அந்த ஓட்டையில வெச்சிருக்கிற பஞ்சை எடுத்து வுடேன். உன் மெசினுக்கு ஜலதோசம் பிடிக்கப் போவுது. இங்க நான் வெந்துனு இருக்கேன்."

எடுத்துவிட்டேன். அதன்பிறகு அது எங்கள் ஜன்னல் ஆனது. முகம் பார்த்துப் பேசியது கம்மி. காலையில் வந்ததும் "கம்ப்யூட்டர் தம்பி வந்தாச்சா?" என்று கேட்பார். கூட்டமில்லாத மத்தியானங்களில் கீழ்பென்னாத்தூர்க் கதைகள் வரும். தம்பி மனைவி நல்லவள்தான், ஆனால் எல்லா நல்லதுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பார். "சம்பளம் இருக்கற வரைக்கும் அந்த வூட்டுல நான் அக்கா. நின்னுச்சுன்னா சமையக்காரி" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம், பொதுப் பெயரைக் கேட்டு அதற்கான எண்ணைச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று விழித்துக்கொள்ளத் தாமதமாகும். அதுவரை எல்லா இடங்களிலும் திரை உறைந்து நிற்கும். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். லேப்காரர்தான் அதிகம் கத்துவார். "உங்க ஃபாரின் மெசினைவிட எங்க பழைய நோட்டு தேவலைங்க" என்பார். எனக்கு ரோஷம். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, பதினான்கு கம்ப்யூட்டர்களிலும் பொதுப் பெயரை அழித்துவிட்டு, முதல் மெஷினுடைய சொந்த எண்ணையே நேராக எழுதிவிட்டேன். மறுநாளிலிருந்து பிரமாதமான வேகம். லேப்காரர் என்னைத் தேடி வந்து டீ வாங்கித் தந்தார். முதல் மெஷின் என்றைக்காவது நின்றால் இந்தப் பதினான்கும் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் ஓடுகிற மெஷின்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர், எக்ஸ்ரே மெஷின், டயர் தேய்ந்த ஸ்ட்ரெச்சர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். போர்டக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து சாமந்திச் சரம் இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் தன் போர்டுக்குப் போட்டார். மற்றதை ஓட்டை வழியாக நீட்டினார். இரண்டு மெஷினுக்கும் பாதிப் பாதியாக வெட்டிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"பூவை யாராச்சும் வெட்டுவாங்களா? உழைக்கிறவனுக்குப் போடு தம்பி. சும்மா உக்காந்துனு இருக்கறவனுக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

உழைக்கிற மெஷினின் முகத்தில், காற்று உள்ளே போகும் சல்லடைக்கு நேராக, நானே என் கையால் அதைச் சாத்தினேன். பொரியும் கடலையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். எனக்குச் சேர்ந்தாற்போல விடுமுறை. மூன்று நாள் யாரும் அந்த அறையைத் திறக்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்த அன்று, வெளிநோயாளிகள் கூட்டம் வாசல் வரை நின்றது. பதினொரு மணிக்கு என் அறையில் முதல் மெஷின் ஒருமுறை ஊளையிட்டு நின்றுபோனது. காய்ந்த சாமந்தி இதழ்கள் காற்றாடிக்குள் போய்ச் சிக்கியதில், மெஷின் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மெஷின் சொன்னபடி இரண்டே நிமிடத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதன் திரையில் உட்கார்ந்து கேட்டால் எல்லா நோயாளிகளின் விவரமும் வருகிறது. அப்பாடா என்று சாய்ந்தேன். சுவருக்கு அப்பால் போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன.

"தம்பி, லேப்புல இணைப்பே கிடைக்கலையாம். மருந்தகத்துலயும் அதே. பிரசவ வார்டுலயும் அதே" என்றார்.

ஓடிப்போய் லேப் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பொதுப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டாவது மெஷின் உடனே பதில் சொல்கிறது. கம்பி சரி, பெயர் சரி, மெஷின் சரி. ஆனால் நோயாளி விவரம் கேட்கும் திரை மட்டும் "இணைக்க முடியவில்லை" என்கிறது. இந்த வேலையில் இதைவிட மோசமான நிலை கிடையாது. எல்லாம் உடைந்திருந்தால் எங்கே கை வைப்பது என்று தெரியும். எல்லாம் சரியாக இருந்து எதுவும் நடக்காதபோது மனிதன் தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்படுவான். நான் கடவுச்சொற்களைச் சந்தேகப்பட்டேன், மாற்றிப் பார்த்தேன். கம்பிகள் சேரும் பெட்டி பழைய மெஷினையே நினைவில் வைத்திருக்கிறதோ என்று அதை அணைத்துப் போட்டேன். இரண்டாவது மெஷினைக்கூட ஒருமுறை அணைத்துப் போட்டேன். சென்னையில் இந்த வேலை தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்றியது.

அந்த மூன்று மணி நேரமும் ஆஸ்பத்திரியை ஓட்டியது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்தார். "கம்ப்யூட்டரு வர்ற வரைக்கும் எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்று ஒவ்வொரு வார்டுக்கும் சொன்னார். லேப் முடிவைச் சொல்லும், இவர் எழுதிக்கொள்வார், திருப்பிப் படித்துக் காட்டுவார், பிறகு வார்டுக்குச் சொல்லி அவர்களையும் திருப்பிச் சொல்ல வைப்பார். நான் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டே அதையெல்லாம் ஓட்டை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரை மணி வாக்கில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து செல்வி என்ற பெண்ணுக்கு ரத்த வகை கேட்டார்கள். பிரசவத்துக்கு வந்தவள், ரத்தப்போக்கு நிற்கவில்லை. லேப்காரர் அவசரத்தில் "செல்வி, பி பாசிட்டிவ்" என்றார்.

"எந்த ஊரு செல்வி?" என்று கேட்டார் போர்டக்கா.

"அக்கா, இப்ப போய் ஊரு கேக்கறீங்களே" என்று அவர் எரிந்து விழுந்தது எனக்கே கேட்டது.

"ஊரைச் சொன்னாத்தான் லைன் குடுப்பேன்."

லேப்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அது துரிஞ்சாபுரம் செல்வி, சோகைக்காகப் பெண்கள் வார்டில் படுத்திருந்தவள். தியேட்டரில் இருந்தவள் சோமாசிபாடி செல்வி. அவளுக்கு ஓ. மற்ற நாட்களில் கம்ப்யூட்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கும், இந்தக் குழப்பமே வராது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் மறுபடி சோதிப்பார்கள்தான். ஆனாலும் தவறான சீட்டோடு தொடங்கியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இருந்த நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போர்டக்காவுக்குக் குரல்கூட மாறவில்லை. லைனைக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் ஓட்டை பக்கம் திரும்பினார்.

"உன் மெசினு ஓடுதுங்கிற. அவங்க கூப்பிட்டா கிடைக்கலைங்கிறாங்க. அவங்க எந்த நம்பருக்கு அடிக்கிறாங்க, பாத்தியா?"

டெலிபோன் போர்டில் இருக்கும் யாரும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்வி. அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. பதினான்கு கம்ப்யூட்டர்களும், செத்துக் கிடக்கும் முதல் மெஷினின் எண்ணையே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே உயிரோடு இருந்த இரண்டாவதை ஒன்றுகூடக் கூப்பிடவில்லை. நான் ஒவ்வோர் அறையாக ஓடி, பதினான்கிலும் எண்ணை அழித்துப் பொதுப் பெயரை எழுதினேன். எல்லாம் முடிய இரண்டு மணியாயிற்று. கேன்டீனில் அந்நேரத்துக்குச் சாப்பாடு இருக்காது. ஆனால் எனக்கு மட்டும் ஒரு தட்டு மூடி வைத்திருந்தார்கள். மாஸ்டர் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

முந்தின நாள் ஊரில் இல்லாத நிர்வாக அதிகாரி மறுநாள் என்னைக் கூப்பிட்டார். மெஷின் தந்தவருக்குக் கடிதம் எழுத வேண்டும், நடந்ததை இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக்கொடு என்றார். "எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம் சார்" என்றேன். மெஷின் நின்றது இரண்டு நிமிடம்தான். "பேஷண்ட் யாருக்காவது பாதிப்பு?" "இல்லைங்க சார்." அதுவும் உண்மை. இரண்டு உண்மைகளையும் அடுத்தடுத்து வைத்து, காற்றாடிப் பழுதால் முதல் மெஷின் நின்றது, இரண்டாவது மெஷின் தானாகப் பொறுப்பேற்றது, சேவை தடைபடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மணி நேரம் யாருக்கும் இணைப்பு இல்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் என் சனிக்கிழமை வெளியே வரும். ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு காரணம். பூவைப் பற்றி எழுதினால் பழி போர்டக்கா மேல் விழும், அவரைக் காப்பாற்றத்தான் இந்த விஷயத்தில் அவரை இழுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

சாயங்காலம் ஓட்டையில் குரல் வந்தது. "எழுதிக் குடுத்துட்டியா?"

"ஆச்சுக்கா."

"நம்ம பூவைப் பத்தி எழுதலியே?"

"இல்லக்கா."

"அப்பாடா." பிறகு குறும்பாக, "என் பேரு வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுக்கா" என்றேன்.

போர்டு அறையில் அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அவர் பாடி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மூன்று மாதம் கழித்து, வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தானே எடுத்து, இதற்கு ஒன்றை அழுத்துங்கள், அதற்கு இரண்டை அழுத்துங்கள் என்று சொல்லும் பெட்டி வாங்குவதாக முடிவானது. போர்டக்காவை நிர்வாக அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்கள். அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"தம்பி."

"அக்கா."

"நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினாரு. ரெண்டே நிமிசத்துல மெசினு தானா பாத்துக்கிச்சாமே. எல்லாம் தானா பாத்துக்கற காலத்துல போர்டுக்கு ஒரு ஆளு எதுக்கும்மான்னு கேக்கறாரு. நியாயம்தானே?" என்றார். பிறகு, "இங்கிலீசு நல்லா எழுதற தம்பி" என்றார்.

நிர்வாக அதிகாரி அறை என் அறையிலிருந்து இருபது அடி இருக்கும். போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம், அவருக்குக் கொடுத்த இரண்டு மாத அவகாசத்தில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் வேலை நிலைத்திருக்குமா என்று தெரியாது. எனக்கு என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அவ்வளவுதான். நான் கோழை என்பது எனக்கு அந்த இரண்டு மாதத்தில்தான் தெரிந்தது. அந்த நாட்களிலும் அவர் காலையில் "கம்ப்யூட்டர் தம்பி வந்தாச்சா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

கடைசி நாள் எப்போது கிளம்பினார் என்று தெரியவில்லை. அடுத்த நாள் வந்து பார்த்தபோது, ஓட்டை அந்தப் பக்கத்திலிருந்து அடைபட்டிருந்தது. பழைய நீலப் புடவைத் துணியை இறுக்கிச் சுருட்டித் திணித்திருந்தார். என் அறை முன்னைவிடக் குளிர்ந்தது.

புதிய பெட்டி வேலை செய்தது. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் அது சொன்னபடி அழுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள்தான் மாறவில்லை. வார்டுக்கு வார்டு புதிய எண்களை அட்டையில் அடித்து நானே ஒட்டினேன், சுற்றறிக்கை விட்டேன். ஆனாலும் ஓர் அவசரம் என்றால் அவர்கள் விரல் ஒன்பதுக்குத்தான் போனது. ஆளில்லாத அறையில் மணி அடிக்கும். துணியைத் தாண்டி மங்கலாக எனக்குக் கேட்கும். இல்லாத ஆளின் எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பழுதை அந்த ஆஸ்பத்திரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஒருநாள் தாங்காமல் போய் எடுத்தேன். பிரசவ வார்டு சிஸ்டர், யார் என்றுகூடக் கேட்காமல், "அக்கா, சீக்கிரம் லேப்புக்குப் போடுங்க" என்றார். "அக்கா இல்லைங்க சிஸ்டர்" என்றேன். "ஆமா இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி தொந்தரவாக இருக்கிறது, அந்த வயரை எடுத்துவிடு என்று கடைசியில் நிர்வாக அதிகாரி சொன்னார். வயர் அந்த ஓட்டை வழியாகத்தான் போனது. எடுக்க வேண்டுமானால் துணியை இழுத்தாக வேண்டும். இழுத்தேன். சுருள் பிரிந்து உள்ளேயிருந்து காகிதங்கள் என் காலடியில் விழுந்தன. காலண்டர் தாள்கள். பின்பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. அன்றைய மூன்று மணி நேரமும் அதில் இருந்தது. 11.04, லேப், மருந்தகம், பிரசவ வார்டு, கம்ப்யூட்டர் இல்லை. அதன்கீழ் ஒவ்வொரு முடிவும், பெயர், ஊர், சொன்னவர், கேட்டவர், நேரத்தோடு. சோமாசிபாடி செல்வி, ஓ, இரண்டு கோடு போட்டு. 2.02, எல்லா இடமும் வந்துவிட்டது. இரண்டு நிமிடம் என்று நான் எழுதிய பொய்யை உடைக்க அந்தத் தாள்கள் போதும். நிர்வாக அதிகாரி படித்துக் காட்டியபோது அவை போர்டக்காவின் மேஜை டிராயரில் இருந்திருக்கின்றன. அவர் எடுத்துக் காட்டவில்லை. எனக்கென்று விட்டுப்போனார். பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவில், ரத்த வகைக்கு அடுத்த வரியில், சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: "12.50. கேன்டீன். கம்ப்யூட்டர் தம்பிக்கு ஒரு சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னேன்."

பிறகு ஒரு தடவை கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, யாரையும் விசாரிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். பெங்களூரில் இன்று எந்த மெஷின் மாறி இணைப்பு நின்றாலும் நான் முதலில் கேட்பது, "எல்லோரும் எந்த நம்பருக்குக் கூப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். சின்னப் பையன்கள் அதை என் புத்திசாலித்தனம் என்கிறார்கள். அது யாருடைய கேள்வி என்று இதுவரை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

அன்று வயரை உருவி எடுத்துவிட்டுத் துணியையும் தாள்களையும் பையில் வைத்துக்கொண்டேன். ஓட்டையை மறுபடி அடைக்கவில்லை. ஏ.சி. காற்று வீணாகிறது என்று எத்தனையோ முறை சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். வேலையை விட்டுக் கிளம்பிய நாள்வரை, என் அறையின் குளிர் அந்தக் காலி நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.